மிரர் பிறகு, இடம் இன்றே

மன்னார்குடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் கல்யாண ஸ்டுடியோக்காரர்கள். அடுத்து ஆடிட்டர் அலுவலகங்கள், பத்திரம் எழுதுகிறவர்கள், அச்சகம் நடத்துகிறவர்கள். இவர்களுக்கு மானிட்டர் போனால் வேறு வாங்கலாம், மதர்போர்டு போனால் வேறு மாட்டலாம். ஹார்ட் டிஸ்க் போனால் கடையில் கிடைப்பது வெறும் டிஸ்க்தான். உள்ளே இருந்தது எந்தக் கடையிலும் கிடைக்காது. பேத்தி நெற்றியில் விபூதி பூசிய தாத்தா அடுத்த தையில் இல்லை என்றால், அந்த ஒரு படத்துக்கு அந்த வீட்டில் என்ன மதிப்பு என்று நான் பார்த்திருக்கிறேன்.

அதனால் ஹார்ட் டிஸ்க்கைப் பற்றிப் பேசும்போது நான் விளையாட்டாகப் பேசுவதில்லை. நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் தட்டுக்கு மேலே, சில நானோமீட்டர் இடைவெளியில், எழுதிப் படிக்கும் முனை மிதந்துகொண்டிருக்கிறது. தலைமுடியின் தடிமன் அதைவிடப் பல்லாயிரம் மடங்கு பெரிது. இப்படி ஒரு கருவி ஐந்தாறு வருடம் ஓடுவதே ஆச்சரியம். ஒரு நாள் நிற்கும். எந்த நாள் என்பதுதான் தெரியாது.

தெரிந்துகொள்ள வழி இல்லையா என்று கேட்பார்கள். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் என்ற ஏற்பாடு உண்டு. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் அந்தக் குறிப்பைப் பார்க்கலாம். அதை நான் வாரந்தோறும் பார்க்கச் சொல்கிறேன். ஆனால் அதை மட்டும் நம்பச் சொல்வதில்லை. 2007இல் கூகுள் பொறியாளர்கள் தங்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். செத்துப்போனவற்றில் பாதிக்கு மேற்பட்டவை, முக்கியமான நான்கு எச்சரிக்கைக் குறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே செத்திருந்தன. மறுபக்கம், தன் தட்டைத் தானே சோதிக்கும்போது முதல் பிழை காட்டிய டிஸ்க், பிழையே காட்டாததைவிட, அடுத்த 60 நாளுக்குள் சாவதற்கான வாய்ப்பு 39 மடங்கு. குறி காட்டினால் உடனே நம்புங்கள், காட்டாவிட்டால் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள் என்பதுதான் அதில் நமக்குப் பாடம்.

இந்த இடத்தில்தான் இரண்டாவது டிஸ்க் பேச்சு வருகிறது. ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், எனக்குப் பல வருடப் பழக்கம், கேபினட்டைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜையில் வைத்தார்.

"ஏம்மா, இன்னொரு நாலு டிபி வாங்கி உள்ள மாட்டிடு. மிரர் கிரர்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்புறம்னா எப்பண்ணே?"

"வைகாசி முகூர்த்தம் முடியட்டும். கையில காசும் வரணும்ல."

இதில் தவறே இல்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க நம் ஊரில் எத்தனை பேரால் முடியும்? இன்றைக்கு டிஸ்க், ஆறு மாதம் கழித்து மிரர் என்பது நல்ல திட்டம்தான். ஆனால் பிறகு போடப்போகும் மிரருக்கு இன்றைக்கே சில காரியங்களைச் சரியாகச் செய்திருக்க வேண்டும். செய்யாவிட்டால் அந்தப் பிற்பாடு நாளில் எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து தொடங்க நேரும். அதைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

முதலில், மிரரிங் என்றால் என்ன. கம்ப்யூட்டர் ஒரு கோப்பை எழுதும்போது அதே நொடியில் இரண்டு டிஸ்க்கிலும் எழுதும். நம் கண்ணுக்கு ஒரே டிரைவ்தான் தெரியும். ஒரு டிஸ்க் நின்றுபோனால் மற்றது வேலையைத் தொடரும். ஆல்பம் டிசைன் செய்துகொண்டிருக்கும் பையனுக்கு நின்றதே தெரியாது. செத்ததைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டினால், உயிரோடு இருப்பது தன்னிடம் உள்ள அனைத்தையும் அதில் எழுதிக்கொடுக்கும். 4 டிபி டிஸ்க் இரண்டு இருந்தாலும் உங்களுக்குக் கிடைப்பது 4 டிபி இடம்தான். அதுதான் விலை.

இது புதுசு இல்லை. 1970களிலேயே அமெரிக்காவின் டான்டெம் நிறுவனம் வங்கிகளுக்கு விற்ற, நிற்காமல் ஓடும் கம்ப்யூட்டர்களில் டிஸ்க்குகள் ஜோடி ஜோடியாக இருந்தன. 1988இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும், விலை உயர்ந்த ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதில் விலை குறைந்த சிறிய டிஸ்க்குகளை அணிவகுத்து நிறுத்தலாம் என்று எழுதிய கட்டுரையில்தான் ரெய்டு என்ற பெயரே வந்தது. அவர்கள் வகுத்த நிலைகளில் முதலாவது இந்த மிரரிங். இன்றும் ரெய்டு 1 என்றால் இதுதான்.

எவ்வளவு பலன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தன் டிஸ்க்குகள் எத்தனை செத்தன என்ற கணக்கை 2013 முதல் பொதுவில் வைத்துவருகிறது. அண்மை ஆண்டுகளில் வருடத்துக்கு நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை என்ற அளவில் போகின்றன. குளிரூட்டிய அறையில், மின்சாரம் தடுமாறாத இடத்தில் உள்ள கணக்கு அது. மே மாத மன்னார்குடிக்கு அது பொருந்தாது. இருந்தாலும் ஒன்றரை என்றே வைத்துக்கொள்வோம். மிரரில் ஒன்று செத்து, ஒரு வாரத்துக்குள் மாற்றிவிடுகிறீர்கள் என்றால், அந்த ஒரு வாரத்துக்குள் மற்றதும் சாக வேண்டும். வருடத்துக்கு ஏறத்தாழ லட்சத்தில் ஒரு வாய்ப்பு. ஒரு வருடம் முழுக்க யாரும் கவனிக்காமல் விட்டால், அதே வாய்ப்பு சில ஆயிரத்தில் ஒன்றாக ஏறிவிடும். மிரரின் பலம் பாதி டிஸ்க்கில் இருக்கிறது, பாதி அதைக் கவனிக்கும் ஆளிடம் இருக்கிறது.

இனி நான் வாடிக்கையாளர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லும் விஷயத்துக்கு வருகிறேன். மிரர் என்பது பேக்கப் அல்ல. கார்பன் தாள் வைத்துத் தட்டச்சு செய்த காலத்தில் மேல்தாளில் விழுந்த பிழை கீழ்த்தாளிலும் விழுந்தது. இதுவும் அப்படித்தான். வேலைக்கு இருக்கும் பையன் தவறிப்போய் ஒரு கல்யாணத்தின் ஃபோல்டரை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழியும். வைரஸ் வந்து கோப்புகளைப் பூட்டினால் இரண்டிலும் பூட்டும். 2017 மே மாதம் அப்படிப் பூட்டும் வானாகிரை உலகம் முழுக்கப் பரவியபோது மிரர் போட்டிருந்தவர்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

பெரிய இடங்களிலும் இது நடக்கும். பிக்சார் நிறுவனத்தில் 1998இல் டாய் ஸ்டோரி 2 படத்தின் கோப்புகளை யாரோ ஒருவர் கொடுத்த கட்டளை அழிக்கத் தொடங்கியது. பேக்கப் சரியாக வேலை செய்யவில்லை என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. குழந்தை பெற்று வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த கேலின் சூஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு நகல் இருந்தது. படத்தைக் காப்பாற்றியது அந்த வீட்டு நகல்தான். அலுவலகத்தில் எத்தனை டிஸ்க் ஜோடி போட்டிருந்தாலும் அன்று உதவியிருக்காது.

மிரர் மட்டும் போதாது என்பதற்கு எங்கள் பகுதியில் இன்னொரு காரணமும் உண்டு. 2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. ஓட்டுக் கூரையும் தகரக் கூரையும் போன கடைகளில் மழை நேராகக் கம்ப்யூட்டர் மேல் இறங்கியது. ஒரே கேபினட்டுக்குள் இருந்த இரண்டு டிஸ்க்கும் சேர்ந்தேதான் நனைந்தன. அந்த வாரங்களில் என் மேஜைக்கு வந்தவர்களில், உறவினர் வீட்டில் ஒரு நகல் வைத்திருந்தவர்கள் மட்டும் என்னிடம் டிஸ்க்கைக் காட்டி அழவில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. உங்களிடம் மொத்தம் இரண்டு டிஸ்க்தான் இருக்கிறது என்றால் மிரர் போடாதீர்கள். இரண்டாவதை நகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது ஒன்று, வெளியில் எடுத்துவைக்கும் டிஸ்க்காக, கைக்கு வந்த பிறகு உள்ளே இருக்கும் இரண்டையும் மிரர் ஆக்குங்கள். "மிரர் அப்புறம்" என்று அந்த அண்ணன் பணத்தை நினைத்துச் சொன்னார். பணம் இருந்தாலும் நான் அந்த வரிசையைத்தான் சொல்லியிருப்பேன்.

தள்ளிப்போடுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஒரே நாளில், ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு டிஸ்க், ஒரே தொகுப்பில் தயாரானவையாக இருக்கும். ஒரே அளவு ஓடும். ஒரே குறை இருந்தால் இரண்டிலும் இருக்கும். சில மாத இடைவெளியில் வாங்கியவை அப்படிச் சேர்ந்து விழுவது குறைவு. வேறு நிறுவனத்தின் டிஸ்க்காக இருந்தாலும் நல்லதே. ஹார்ட் டிஸ்க் செய்கிறவர்கள் இன்று உலகத்தில் மூவர்தான்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா.

வாங்கும்போது அளவைப் பாருங்கள். புதியது பழையதைவிட ஒரு செக்டர்கூடக் குறைவாக இருக்கக் கூடாது. குறைந்தால் மிரர் சேராது. 1 டிபி என்று அட்டையில் போட்டிருப்பதை விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டுவதைப் பார்த்து ஏமாற்றிவிட்டார்கள் என்று என்னிடம் சண்டைக்கு வருவார்கள். ஏமாற்று இல்லை, கணக்கிடும் முறை வேறு. இப்போது பெரும்பாலான 1 டிபி டிஸ்க்குகளில் 195,35,25,168 செக்டர் இருக்கும், எந்த நிறுவனமானாலும். ஆனால் எல்லா டிஸ்க்கும் அப்படி என்று நம்பி உட்காரக் கூடாது. அதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது: முதல் டிஸ்க்கில் பார்ட்டிஷன் போடும்போதே கடைசியில் ஒரு ஜிபி இடத்தை எதற்கும் ஒதுக்காமல் விட்டுவிடுங்கள். நாளைக்கு வரும் டிஸ்க் கொஞ்சம் சின்னதாக இருந்தாலும் பார்ட்டிஷன் அதற்குள் அடங்கிவிடும். 4 டிபியில் ஒரு ஜிபி ஒரு பொருட்டே இல்லை.

இன்னொன்று, எஸ்எம்ஆர் என்ற வகையைத் தவிர்த்து சிஎம்ஆர் வகையைக் கேட்டு வாங்குங்கள். எஸ்எம்ஆரில் இடத்தை மிச்சப்படுத்த ஒரு தடத்தின் விளிம்பில் அடுத்த தடம் ஏறி எழுதப்படும். ஒரு தடத்தை மாற்ற அதன் பக்கத்தில் உள்ளவற்றையும் திரும்ப எழுத வேண்டும். சும்மா படங்களைச் சேமித்து வைக்க அது போதும். மிரரில் புதிய டிஸ்க்கை நிரப்பும் நேரத்தில் மணிக்கணக்காக விடாமல் எழுதும்போதுதான் திணறும். 2020 வரை இந்த மூன்று நிறுவனங்களும் எந்த மாடல் எஸ்எம்ஆர் என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் விற்றுவந்தன. அந்த வருடம் வாடிக்கையாளர்கள் கண்டுபிடித்துக் கேள்வி எழுப்பிய பிறகு நிறுவனங்கள் பட்டியல் வெளியிட்டன. இன்று மாடல் எண்ணை வைத்துத் தேடினாலே தெரிந்துவிடும்.

மாட்டுவதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. பழைய ஐடிஇ காலத்தில் மாஸ்டர், ஸ்லேவ் என்று ஜம்பரை இடம் மாற்றிக்கொண்டிருப்போம். சாட்டாவில் அந்தத் தொல்லை கிடையாது: ஒரு டேட்டா கேபிள், ஒரு பவர் கேபிள், நான்கு ஸ்க்ரூ. ஆனால் மதர்போர்டில் எம்.2 வகை எஸ்எஸ்டி போட்டிருந்தால், பல போர்டுகளில் ஒன்றிரண்டு சாட்டா போர்ட் வேலை செய்யாது. இரண்டும் ஒரே பாதையைப் பகிர்ந்துகொள்கின்றன. போர்டின் கையேட்டில் எது என்று போட்டிருக்கும். டிஸ்க் செத்திருக்கிறது என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பியவர்கள் பலருக்கு, வேறு போர்ட்டில் மாற்றிச் செருகியதுமே டிஸ்க் வந்திருக்கிறது.

கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸைக் கவனியுங்கள். ஓடும்போது ஒரு டிஸ்க்குக்கு 5 முதல் 8 வாட் போதும். ஆனால் சுழலத் தொடங்கும் அந்தச் சில நொடியில் 20 வாட்டுக்கும் மேல் இழுக்கும். கேபினட்டோடு இலவசமாக வந்த மலிவான எஸ்எம்பிஎஸ் இரண்டு டிஸ்க்கை ஒரே நேரத்தில் எழுப்பும்போது தள்ளாடும். பவர் கனெக்டர் போதவில்லை என்று பழைய நான்கு பின் இணைப்பிலிருந்து பிரித்துத் தரும் மலிவான கேபிளைப் போடாதீர்கள். கம்பிகளைப் பிளாஸ்டிக்கோடு சேர்த்து வார்த்த வகை, உள்ளே உரசி ஷார்ட் ஆகித் தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு. இரண்டு டிஸ்க்குக்கும் நடுவில் காற்றுக்கு ஒரு தட்டு இடம் விட்டு மாட்டுங்கள். முன்னால் ஒரு ஃபேன் இருந்தால் இன்னும் நல்லது. யூபிஎஸ் பற்றி நான் விவாதிப்பதே இல்லை. அது இல்லாத இடத்தில் மிரர் போட்டுத்தர மாட்டேன். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஒரு டிஸ்க்கில் எழுதி மற்றதில் எழுதாமல் நிற்கும். பிறகு மணிக்கணக்கில் ஒத்துப்பார்த்துக்கொண்டிருக்கும்.

மாட்டியதும் புதிய டிஸ்க் கண்ணுக்குத் தெரியாது. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து இனிஷியலைஸ் செய்ய வேண்டும். எம்பிஆர், ஜிபிடி என்று இரண்டைக் கேட்கும், ஜிபிடியைத் தேர்ந்தெடுங்கள். எம்பிஆரில் 2 டிபிக்கு மேல் உள்ள இடம் வீணாகும். ஆனால் ஏற்கெனவே படம் இருந்த பழைய டிஸ்க்கை மாட்டும்போது இதே கேள்வியைக் கேட்டால் கையைத் தூக்கிவிடுங்கள், எதையும் அழுத்தாதீர்கள்; அந்த டிஸ்க்கில் ஏதோ கோளாறு. புதியதை முதல் தடவை குவிக் ஃபார்மேட் செய்யாமல் முழு ஃபார்மேட் செய்யுங்கள். பல மணி நேரம் ஆகும், ஒவ்வொரு செக்டரிலும் எழுதிப் பார்க்கும். கூரியரில் அடிபட்டு வந்ததா என்பது உங்கள் படம் ஏறுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

அப்போதுதான் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: "ரெண்டையும் சேத்து ஒரே எட்டு டிபி டிரைவா ஆக்கிடலாமா?" ஆக்கலாம், விண்டோஸே ஆக்கித்தரும். ஆனால் ஒரு டிஸ்க் செத்தால் இரண்டில் இருப்பதும் போய்விடும். ஆபத்து இரண்டு மடங்கு, பாதுகாப்பு பூஜ்யம். ஒரு கல்யாணத்துக்கு இரண்டு கேமராவில் ஆளுக்கு நான்கு மணி நேரம் 4கே வீடியோ எடுத்தால், நொடிக்கு 100 மெகாபிட் கணக்கில், 360 ஜிபி ஆகிவிடுகிறது. இடம் போதவில்லை என்ற அவஸ்தை எனக்குப் புரிகிறது. அதற்கு வேறு டிஸ்க் வாங்குங்கள், இரண்டையும் ஒட்டவைக்காதீர்கள்.

மிரர் வரும்வரை, ஒவ்வொரு இரவும் முதல் டிஸ்க்கிலிருந்து இரண்டாவதற்கு நகல் ஓடட்டும். விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பி போதும். அதில் முதலில் அழித்ததை நகலிலும் அழிக்கும் ஒரு விருப்பம் உண்டு, அதைப் போடாதீர்கள். அழிக்காமல் சேர்த்துக்கொண்டே போகும்படி வைத்து, மாதம் ஒரு தடவை நீங்களே உட்கார்ந்து வேண்டாததை எடுங்கள்.

இப்போது பின்னாளில் மிரர் போட எந்த வழி திறந்திருக்கிறது, எது அடைபட்டிருக்கிறது என்று பார்ப்போம். விண்டோஸ் ஹோம் பதிப்பாக இருந்தால் டிஸ்க் மேனேஜ்மென்ட் வழி அடைபட்டது. புரோ பதிப்பு வேண்டும். புரோவில், படம் இருக்கும் டிரைவை வலது கிளிக் செய்து 'ஆட் மிரர்' கொடுத்தால், எதுவும் ஒதுக்காத இடமுள்ள மற்ற டிஸ்க்கைக் கேட்கும். இரண்டையும் டைனமிக் என்ற வகைக்கு மாற்றும். முதல் டிஸ்க்கில் உள்ள படங்கள் அப்படியே இருக்கும். பழைய வழி இது, மைக்ரோசாஃப்ட் இதை இனி ஊக்குவிப்பதில்லை. பழைய நிலைக்குத் திரும்ப வேண்டுமென்றால் டிரைவை அழிக்கத்தான் வேண்டும். ஆனாலும், ஏற்கெனவே நிரம்பிய டிஸ்க்குக்குப் பிறகு ஜோடி சேர்க்க விண்டோஸில் எளிய வழி இன்றும் இதுதான்.

விண்டோஸ் 8 முதல் வந்த ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் ஹோம் பதிப்பிலும் உண்டு. அதில் சேர்க்கும் டிஸ்க்கை முதலில் முழுக்க அழித்துவிடும். சிம்பிள் என்று உருவாக்கியதைப் பிறகு மிரர் என்று மாற்றவும் முடியாது. ஆகவே அந்த வழியில் போக நினைக்கிறவர்கள் இரண்டு டிஸ்க்கும் காலியாகக் கையில் இருக்கும் நாளில்தான் தொடங்க வேண்டும்.

மதர்போர்டின் பயாஸிலேயே ரெய்டு என்று ஒரு தேர்வு இருக்கும். விண்டோஸ் போட்ட பிறகு அதைத் தட்டினால் பல கம்ப்யூட்டர்கள் நீலத்திரையில் நின்றுவிடும். பிறகு மதர்போர்டு போனால், அதே குடும்பத்தைச் சேர்ந்த போர்டைத் தேடி அலைய வேண்டியும் வரலாம். சிறிய அலுவலகங்களுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்குத்தான் பாதை மிக நேராக இருக்கிறது. எனக்கு அதில் தனிப் பிரியம் உண்டு, மறைக்கவில்லை. எம்டிஏடிஎம் என்ற கருவியில், இரண்டு டிஸ்க் கொண்ட மிரர் ஒன்றை ஒரே டிஸ்க்கோடு உருவாக்கலாம். இரண்டாவது டிஸ்க்கின் பெயர் எழுத வேண்டிய இடத்தில் 'மிஸ்ஸிங்' என்று எழுதினால் போதும். ஜோடி இன்னும் வரவில்லை என்பதைத் தெரிந்துகொண்டே அது ஓடும். அச்சகம் ஒன்றின் ஃபைல் சர்வரை அப்படித்தான் செய்தேன். பழைய டிஸ்க்கில் படிவங்களும் அழைப்பிதழ் டிசைன்களும் நிறைந்திருந்தன. அதைத் தொடாமல், புதிய டிஸ்க்கில் 'மிஸ்ஸிங்' மிரரை உருவாக்கி, எல்லாவற்றையும் அதற்கு நகல் எடுத்து, ஒரு வாரம் அதிலேயே வேலை பார்க்கச் சொன்னோம். எதுவும் விடுபடவில்லை, வெளி டிஸ்க்கிலும் ஒரு நகல் இருக்கிறது என்று உறுதியான பிறகு, பழைய டிஸ்க்கைக் காலிசெய்து ஜோடியாகச் சேர்த்தோம். அதன் நிலைக் கோப்பில், சதுர அடைப்புக்குள் ஒரு யூ எழுத்தும் ஓர் அடிக்கோடுமாக இருந்தது, மெதுவாக இரண்டு யூ ஆனது. அதைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் சந்தோஷம்தான். நிரம்பிய பார்ட்டிஷன் மேலேயே நேரடியாக மிரரை உருவாக்க முயலாதீர்கள். மிரர் தன் குறிப்பை எழுதும் இடத்தில் உங்கள் கோப்பு இருந்தால் அது போகும்.

இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னும் சுலபம்: ஒற்றை டிஸ்க்காக ஓடும் தொகுப்பில், இன்னொன்றை 'அட்டாச்' என்ற ஒரே கட்டளையில் ஜோடியாக்கலாம். அதோடு, எழுதிய ஒவ்வொன்றுக்கும் சரிபார்க்கும் எண் ஒன்றை அது வைத்திருப்பதால், இரண்டு டிஸ்க்கில் எது சரி, எது கெட்டது என்பது அதற்குத் தெரியும். சாதாரண மிரருக்கு அது தெரியாது. நெட்வொர்க்கில் இணைக்கும் சினாலஜி போன்ற நாஸ் பெட்டி வாங்குகிறவர்கள், ஒரு டிஸ்க்கோடு தொடங்கி, அதே அளவோ அதைவிடப் பெரியதோ ஆன இரண்டாவதைப் பிறகு செருகலாம்.

எந்த வழியில் போனாலும், மிரர் போடும் நாளில் ஆபத்து ஒரே இடத்தில்தான். இதுநாள்வரை நகலாக இருந்த இரண்டாவது டிஸ்க்கை அழித்துத்தான் அதை ஜோடியாக்க முடியும். அழித்த நொடியிலிருந்து மிரர் நிரம்பி முடியும்வரை உங்கள் படங்கள் ஒரே டிஸ்க்கில் இருக்கும். அந்த டிஸ்க் முழு மூச்சாகப் படிக்கப்பட்டுக்கொண்டும் இருக்கும். 4 டிபிக்கு ஏழெட்டு மணி நேரம், நடுவில் வேலையும் பார்த்தால் இன்னும் கூட. பழைய டிஸ்க்குகள் சாகத் தேர்ந்தெடுக்கும் நேரம் பெரும்பாலும் இதுதான். மூன்றாவது டிஸ்க்கில் நகல் எடுத்து, அதைத் திறந்து நான்கைந்து ஃபோல்டர்களில் படங்கள் உண்மையாகவே வருகின்றனவா என்று பார்த்து, கழற்றித் தனியே வைத்துவிட்டுத் தொடங்குங்கள். எந்த டிஸ்க்கிலிருந்து எதற்கு என்று திரை கேட்கும்போது சீரியல் எண்ணைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள். இரண்டும் ஒரே மாடலாக இருந்தால் பெயர் மட்டும் போதாது. காலி டிஸ்க்கை நிரம்பிய டிஸ்க்கின் மேல் எழுதிவிட்டு என்னிடம் வந்தவர்களுக்கு என்னால் எதுவும் செய்ய முடிந்ததில்லை.

விண்டோஸோ லினக்ஸோ இருக்கும் டிஸ்க்கையே மிரர் செய்தால், கம்ப்யூட்டரை எழுப்பும் பகுதி இரண்டாவதிலும் இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். லினக்ஸில் அந்தப் பகுதியான கிரப்பை இரண்டு டிஸ்க்கிலும் நிறுவ வேண்டும். இல்லாவிட்டால் தரவு முழுக்கப் பத்திரமாக இருக்கும், கம்ப்யூட்டர் மட்டும் எழுந்திருக்காது. முடித்த பிறகு நான் கம்ப்யூட்டரை அணைத்து, முதல் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு இயக்கிக் காட்டுவேன். பிறகு மாட்டி, மீண்டும் இரண்டும் ஒத்துப்போகும்வரை காத்திருப்பேன். வாடிக்கையாளர் தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

கடைசியாக, கவனிப்பு. நல்ல மிரரின் குறையே அது சத்தம் போடாமல் காப்பாற்றுவதுதான். ஒரு டிஸ்க் செத்து மாதக்கணக்காக ஒற்றைக் காலில் ஓடிக்கொண்டிருந்த ஆடிட்டர் அலுவலகத்தை நான் பார்த்திருக்கிறேன். லினக்ஸில் மின்னஞ்சல் வரும்படி வைக்கலாம். விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால் 'ஃபெயில்டு ரிடண்டன்சி' என்று போட்டிருக்கும், திறந்தால்தானே தெரியும். வெள்ளிக்கிழமை பூஜை போடும் கடைகளில், அதை முடித்த கையோடு இதையும் பார்த்துவிடச் சொல்கிறேன்.

ஒன்று செத்த அன்று பதற்றத்தில் உயிரோடு இருப்பதைக் கழற்றிவிடுகிறவர்கள் உண்டு. அதற்கும் இன்றே வழி செய்யலாம். இரண்டாவது டிஸ்க்கை மாட்டும்போதே, ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் எண்ணின் கடைசி நான்கு எழுத்தையும், அது எந்த போர்ட்டில் இருக்கிறது என்பதையும், வாங்கிய மாதத்தையும் ஒரு காகிதத்தில் எழுதி, கேபினட் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். சர்வீஸ் ஆள் மாறினாலும் கதவைத் திறந்ததும் அவர் கண்ணில் முதலில் அதுதான் பட வேண்டும்.